சாவடிச் சுவரில் ஒரு கண்ணாடிப் பட்டை

தூத்துக்குடி
14-9-71

பாவாவுக்கு,

வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார இடமில்லை. அக்கா கட்டிக் கொடுத்த புளிச்சோறு விழுப்புரம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். இங்கே கடலுக்குள் கல்லைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். கொட்டக் கொட்டக் கடல் விழுங்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்குப் பாதி சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். புரிந்து ஆட்டினீர்களா என்று சந்தேகமாக இருப்பதால் எழுதுகிறேன்.

திருத்தணியில் காவடியோடு வருகிறவர்கள் தங்க நம் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர்கள் கட்டிய சாவடிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. வடக்குச் சுவரில் விரிசல், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் விழுந்தால் யார் பொறுப்பு, இன்ஜினீயர் ஒருவரின் அபிப்பிராயத்தைக் கொடுங்கள், இல்லையேல் இடியுங்கள் என்று. நம் பெரியவர்கள் கூடி, ‘வெளியாள் எதுக்கு, நம்ம புள்ள கஜபதி அதுக்குத்தானே படிச்சிகீறான், அவன் சொல்றபடி செய்வோம்’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அடுத்த ஆடி வரைக்கும் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

சுவரில் விரிசல் இருப்பது பெரிய விஷயமில்லை. விரிசல் இல்லாத பழைய சுவர் எங்கேயும் கிடையாது. அது செத்த விரிசலா, உயிரோடு இருக்கிற விரிசலா என்பதுதான் கேள்வி. செத்தது என்றால் என்றைக்கோ விட்டு, அதோடு நின்றுவிட்டது. பயமில்லை. உயிரோடு இருக்கிறது என்றால் சுவர் இன்னும் நகர்கிறது. ஒருநாள் காவடியோடு நிற்கிறவர்கள் மேல் விழும். அதைக் கண்டுபிடிக்கத்தான் விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் போட்டு ஒட்டினேன். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது. ஆடிக் கூட்டம் கலையும்வரை அது முழுசாக இருந்தால் சாவடி நிற்கும். உடைந்தால் இடிக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் பின்கட்டும் சேர்ந்து போகும்.

முறையாக இரண்டு மூன்று இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். படக்கடை நஜீர் அகமது பாய் சாமி படத்துக்கு அறுத்த மிச்சத்தில் ஒன்றுதான் கைக்கு வந்தது. வண்டிக்கு நேரமாகிவிட்டது. ஒன்று போதும்.

அக்காவுக்கு என் மேல் கோபம். ‘நீ அங்கதானேடா தங்கிப் படிச்சே, இடிக்கலாம்னு வாய் கூசாம சொல்றியே’ என்றாள். பள்ளிக்கூடம் முடிகிறவரை அங்கேதான் படுத்தேன், உங்கள் நைனா வடித்துப் போட்ட சோற்றைத் தின்றுதான் வளர்ந்தேன், எல்லாம் வாஸ்தவம். ஆனால் நான் அங்கே தூங்கினேன் என்பதற்காகச் சுவர் நிற்காது.

நைனாவுக்கு அப்புறம் சாவடியைப் பார்த்துக்கொள்கிறவர் நீங்கள். அவ்வப்போது கண்ணாடியைப் பார்த்து எழுதுங்கள்.

கஜபதி


திருத்தணி
4-12-71

அன்புள்ள கஜபதிக்கு ஜம்புலிங்கம் எழுதுவது. நானும் உன் அக்கா வள்ளிநாயகியும் சௌக்கியம், பின்கட்டில் புதிதாகக் குடிவந்திருக்கும் பூனையும் சௌக்கியம்.

இந்த வருஷம் மழை மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. சரவணப் பொய்கை நிரம்பிப் படியெல்லாம் முழுகிவிட்டது. சாவடித் தளம் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். தெருவில் புதிதாகக் கட்டிய லாட்ஜில் மூன்றாம் நாளே பக்கெட் வைத்துவிட்டார்கள். நம் மாடியில் நைனா காலத்தில் கடுக்காய்த் தண்ணி விட்டுத் தட்டித் தட்டிப் போட்ட காரை. அக்கா பாய் போட்டுப் படுத்திருக்கிறாள். அவளுக்கு இது ஏழாம் மாசம். மாங்காய் வேண்டும் என்கிறாள். மார்கழி பிறக்கப் போகிறது, மாங்காய்க்கு நான் எங்கே போவேன்.

கார்த்திகை தீபத்துக்கு ஊரிலிருந்து கன்னியம்மாள் வந்திருந்தாள். முருகனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிவாளே, அவளேதான். வந்ததும் வடக்குச் சுவரில் உன் கண்ணாடியைப் பார்த்துவிட்டாள்.

‘இன்னா ஜம்பு, சுவத்துக்கு விபூதிப் பட்டை போட்டு வெச்சிகீறே?’

‘நம்ம கஜபதி வெச்சது. தொடாதே. சுவத்துக்கு நாடி பாக்கறான்.’

‘பாக்கட்டும். புதுசா ஒண்ணு நட்டா, அது தறியோ வாசக்காலோ, வெறுமனே வுட்ருவாங்களா? நீயெல்லாம் நெசவுக்காரன் பெத்த புள்ளையா?’

நான் தடுப்பதற்குள் குங்குமத்தை அப்பிவிட்டாள். அவள் மலையேறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தேன். அவள் சொன்னதிலும் தப்பில்லை. நம் வீடுகளில் புதுத்தறி நாட்டினால் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றாமல் நெய்கிற நாடாவைத் தொடுவார்களா? அவள் சொன்னபிறகு எனக்கும் அது பட்டை மாதிரிதான் தெரிகிறது. நஜீர் பாயிடம் சொன்னேன். ‘என் கண்ணாடிக்குப் பின்னால எந்த சாமியை வெச்சாலும் ஜனங்க கும்புடறாங்க, சாமியே இல்லேன்னாலும் கும்புடறாங்க, நல்ல கைராசி எனக்கு’ என்று சிரிக்கிறார்.

தைப்பூசத்துக்கு வருவாயா? அக்கா கேட்கச் சொன்னாள்.

கண்ணாடி முழுசாக இருக்கிறது.

ஜம்புலிங்கம்


தூத்துக்குடி
20-12-71

பாவாவுக்கு,

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி எப்படி இருக்கிறது என்பது கடைசி வரியில் வருகிறது. வேலை நடக்கும் இடத்தில் நின்றுகொண்டு, ஒரு கையால் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டு, மழை, பூனை, மாங்காய், கன்னியம்மாள் எல்லாரையும் தாண்டி அதைத் தேடினேன்.

பாவா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. யார் குங்குமம் வைத்தார்கள், யார் துடைத்தார்கள், பாய் என்ன ஜோக் அடித்தார் என்பதெல்லாம் எனக்கு எதற்கு? சுவருக்குப் பட்டையும் தெரியாது, நாமமும் தெரியாது. கதை கேட்க எனக்கு நேரமில்லை. இனிமேல் கார்டு போடுங்கள். முழுசாக இருக்கிறது, இல்லாவிட்டால் உடைந்திருக்கிறது. ஒரு வார்த்தை போதும்.

தைப்பூசத்துக்கு லீவு கிடைக்காது.

கஜபதி


(கார்டு)
திருத்தணி, 17-1-72

முழுசாக இருக்கிறது.
ஜம்புலிங்கம்


(கார்டு)
திருத்தணி, 2-3-72

முழுசாக இருக்கிறது. பெண் குழந்தை.
ஜம்புலிங்கம்


(கார்டு)
திருத்தணி, 12-8-72

உடைந்திருக்கிறது.
ஜம்புலிங்கம்


தூத்துக்குடி
19-8-72

பாவாவுக்கு,

கார்டு கிடைத்தது. அன்றைக்கே நோட்டீஸ் விட்ட ஆபீஸுக்கு எழுதிவிட்டேன். வடக்குச் சுவர் நகர்கிறது, ஆடிக் கூட்டத்தின் பாரம் தாங்கவில்லை, ஐப்பசி மழைக்கு முன் இறக்கிவிடுவது நல்லது என்று. பெரியவர்களுக்கும் ஒரு நகல் போகிறது.

நீங்கள் என் மேல் வருத்தமாக இருப்பீர்கள். எனக்கு மட்டும் சந்தோஷமா? எழுதி முடித்தபின் சாப்பிடப் போகவில்லை. அந்தச் சுவரோரம் படுத்தால் வெயில் காலத்திலும் முதுகு சில்லென்று இருக்கும். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கண்ணாடி பொய் சொல்லாது. நாளைக்கு நாலு பேர் நசுங்கிச் செத்தால், ‘உன் மச்சான் படிச்ச படிப்பு இதுதானா’ என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

அந்த இடத்திலேயே புதிதாகக் கட்டலாம். கான்கிரீட் தூண், மேலே ஒரு மாடி. படம் நானே வரைந்து தருகிறேன். வாசலில் இருக்கும் கல்தூண்களைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? கேட்க மறந்துகொண்டே இருக்கிறேன்.

கஜபதி


அம்மையார்குப்பம்
30-10-72

கஜபதிக்கு,

மேலே ஊர் பெயர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். இங்கே ஒரு சின்ன வீடாகப் பார்த்து வந்துவிட்டோம். பூனை வரவில்லை. இனிமேல் பார்த்து எழுதக் கண்ணாடி கிடையாது. ஆகவே நீளமாக எழுதலாம் என்று நினைக்கிறேன். நேரமிருந்தால் படி.

சுவர் விழ மாட்டேன் என்றது, கஜபதி. இடிக்க வந்த மேஸ்திரி கரீமுல்லா முதல் நாளே என்னிடம் வந்து, ‘இன்னாங்க, விழப்போற சுவருன்னு சொல்லி இட்டாந்தாங்க, கடப்பாரை போட்டா என் கைதான் விழுது’ என்றார். பொழுது சாய்வதற்குள் முடித்துவிடலாம் என்று வந்தவர்கள் அந்த வாரம் பூராவும் அங்கேயே கிடந்தார்கள். கடைசியில் அடியில் பள்ளம் தோண்டி, கயிறு கட்டி, லாரி வைத்து இழுத்தார்கள். அப்படியே பலகை மாதிரி ஒரே துண்டாகச் சாய்ந்தது. புழுதி அடங்கியபிறகு கிட்டே போய்ப் பார்த்தேன். விரிசல் இருந்த இடத்தில்கூடப் பிரியவில்லை. உடைத்தபோது அந்த விரிசலுக்குள்ளே விரல் நீளத்துக்கு வெள்ளை வெள்ளையாக, அப்பளக் கட்டு மாதிரி அடுக்கு அடுக்காகப் படிந்திருந்தது. ஆடிக்கு முன்னால் வருஷா வருஷம் நாம் அடிக்கிற சுண்ணாம்பு. நான் அடித்ததும் இருக்கும், நைனா அடித்ததும் இருக்கும், அவருக்கு முன்னால் யாரோ அடித்ததும் இருக்கும். ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை ஆடிக் கிருத்திகை எப்படி நடந்தது என்று உனக்கு நான் எழுதவில்லை. நீயும் கேட்கவில்லை. உனக்கே தெரியும், மலையேறுகிறவரைக்கும் நம்மவர்கள் காவடியைத் தரையில் கிடத்த மாட்டார்கள். வடக்குச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் பொய்கைக்கு முழுகப் போவார்கள். வந்ததும் கன்னியம்மாள் உன் கண்ணாடிக்கு நேராகப் போனாள். ‘அன்னிக்கு நீ தொடச்சிட்டே இல்ல. இப்ப சாமியோட வந்துகினு கீறோம், தொடைக்கிறதுதானே’ என்றாள். குங்குமம் வைத்தாள், பூ வைத்தாள். நீ போட்ட சிமெண்ட் ஒரு பக்கம் திட்டாகத் துருத்திக்கொண்டு, கற்பூரம் வைக்கவே செய்தது மாதிரி இருந்தது. அதன்மேல் ஏற்றினாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர்கள் ஏற்றினார்கள். அப்புறம் காவடி சாய்க்க வந்தவர்கள் எல்லாருமே ஏற்றினார்கள். ஒருவர் கற்பூரம் அணைவதற்குள் அடுத்தவர் வைத்துவிடுவார். பொழுதுக்கும் எரிந்தது. ஒருதரம் தீக்குச்சி இல்லை என்று கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தவன் நான்தான். சாயங்காலம் சட்டென்று ஒரு சத்தம். பார்த்தால் நடுவில் கோடு விட்டிருந்தது.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. சுவர் நகர்ந்து உடைந்ததா, சூட்டில் விண்டதா என்று. கார்டு எடுத்து, ‘கன்னியம்மாள்’ என்று ஆரம்பித்தேன். அந்தப் பெயரை எழுதியதும் நீ எழுதியது நினைவுக்கு வந்தது. யார் குங்குமம் வைத்தால் எனக்கு எதற்கு, கதை கேட்க நேரமில்லை. அந்தக் கார்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு கார்டில் நீ கேட்ட ஒரு வார்த்தையை எழுதினேன். ரோஷம்தான், வேறென்ன. எதனால் உடைந்தது என்று படித்தவன் கேட்பான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். உன்னிடமிருந்து கடிதம் வந்தபோது ஆபீஸுக்கு எழுதியாகிவிட்டது என்றிருந்தது. அப்போதாவது தந்தி அடித்திருக்கலாம். கற்பூரத்தில் உடைந்தது என்று ஒரு தந்தி அடித்தால் தபால் ஆபீஸில் சிரிப்பார்களே என்று யோசித்தேன். அதற்குள் கடப்பாரை வந்துவிட்டது.

உன் அக்கா பேசுவதில்லை. உன்னைச் சொல்லவில்லை, என்னோடு. குழந்தைக்கு மணியம்மை என்று பெயர்.

ஜம்புலிங்கம்


தூத்துக்குடி
8-11-72

பாவாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

விரிசலுக்குள் சுண்ணாம்பு அடுக்கு அடுக்காக இருந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? அந்த விரிசல் நான் பிறப்பதற்கு முன்னாலேயே செத்துவிட்டது. நகர்கிற விரிசலுக்குள் சுண்ணாம்பு அப்படி வரிசையாகப் படியாது, நொறுங்கிப்போகும். பேனாக்கத்தியை உள்ளே விட்டு ஒரு கிளறு கிளறியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கண்ணாடியே வேண்டியதில்லை. கத்தி சட்டைப்பையில் இருந்தது. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

நீங்கள் ரோஷப்பட்டது தப்பு என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். கண்ணாடி பொய் சொல்லாது என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? அது பொய் சொல்லவில்லைதான். சூடு தாங்கவில்லை என்று சொல்லியிருக்கிறது. சொன்ன இடத்தில் கேட்க ஆள் இல்லை.

தவறான அபிப்பிராயம் கொடுத்தவன் நான், சாவடி இன்னும் ஒரு தலைமுறைக்கு நின்றிருக்கும் என்று பெரியவர்களுக்கு எழுதி, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. அக்காவிடம் என்னைத் திட்டச் சொல்லுங்கள், உங்களை விட்டுவிடட்டும்.

புதுச் சாவடிக்குப் படம் வரைய உட்கார்ந்தேன். வடக்குச் சுவர் என்று ஒரு கோடு போட்டேன். அதற்குமேல் ஓடவில்லை.

கஜபதி


தூத்துக்குடி
30-7-73

பாவாவுக்கு,

நான் எழுதிய எதற்கும் இந்த வருஷம் உங்களிடமிருந்து பதில் வரவில்லை. கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தபால் மேல் பழி போட மாட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. காலை வண்டியில் இறங்கி நேரே சாவடி இருந்த இடத்துக்குப் போனேன். வெட்டவெளி. பின்கட்டு இருந்த பக்கம் அக்கா வைத்த முருங்கை மட்டும் நிற்கிறது. கல்தூண் ஒன்று தெருவோரம் குப்புறக் கிடக்கிறது, அதன்மேல் உட்கார்ந்து ஒருவன் பொரி விற்கிறான்.

பம்பைச் சத்தம் கேட்டது. நம்மவர்கள்தான். வந்தவர்கள் வழக்கம்போல அந்த இடத்தில் திரும்பினார்கள். சாவடி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கால் திரும்பிவிட்டது. உள்ளே வந்து வடக்குப் பக்கம் போய்த் தோளிலிருந்து காவடியை இறக்கினார்கள். அப்புறம்தான் நின்றார்கள். சாய்க்கச் சுவர் இல்லை. தரையில் கிடத்த மனசு வரவில்லை. பாதிப் பேர் முழுகப் போவது, பாதிப் பேர் நின்று பிடித்துக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள். கஜபதி வந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டது, பார்த்தவர்கள் காவடியைப் பிடித்தபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

கன்னியம்மாள்தான் நேரே வந்தாள். காவடியை என் மார்பில் சாய்த்தாள்.

‘சுவத்த எடுத்தவன் நீதானே? நில்லு.’

‘நிக்கறேம்மா.’

‘கைய விறைப்பா வெச்சிக்கோ. பூ கொட்டுது பாரு.’

போனவள் சீக்கிரம் வரவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு காவடியை என் தோளில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மயிலிறகு காதில் குத்துகிறது, சொறியக் கை இல்லை. வெயில் ஏறிவிட்டது. தோள் நடுங்க ஆரம்பித்தது. ஈரப் புடவையோடு அவள் திரும்பி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். ‘ஆடிக்கினே கீறியே. உனக்கு ஒரு கண்ணாடி ஒட்டிப் பாக்கணும்’ என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பொய்கைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது.

உங்களை அங்கே காணவில்லை. இந்த வருஷம் நீங்கள் வரவே இல்லை என்று கன்னியம்மாள் சொன்னாள். நைனாவோடு வர ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள் தவறிய முதல் ஆடி இதுதானாம். ஊருக்கு வரலாம் என்று பஸ் நிற்கிற இடம்வரை போனேன். பஸ்ஸும் நின்றது. ஏறவில்லை. வள்ளி அக்கா முகத்தைப் பார்க்கப் பயமில்லை, அவள் திட்டுவாள். உங்கள் முகம்தான்.

மூன்று பக்கம் ஆகிவிட்டது. நான் இவ்வளவு எழுதியதில்லை. தீபாவளிக்கு லீவு சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரட்டுமா? வா, வேண்டாம், ஏதாவது ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

கஜபதி


(கார்டு)
அம்மையார்குப்பம், 9-8-73

கஜபதிக்கு,

மறுபடியும் ஒரு வார்த்தை கேட்கிறாய். அது என்னால் ஆகாது. வந்து உட்கார்ந்து முழுசும் கேட்டுக்கொள். மணியம்மை நடக்கிறாள், இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். உன் அக்கா சீடைக்கு மாவு இடிக்கும்போது உன் பெயரைச் சொல்லித்தான் உலக்கை போடுகிறாள். நல்ல அறிகுறி.

நேற்று நூல் வாங்கத் திருத்தணி போனேன். சாவடி மனையில் சந்தைக்கு வருகிறவர்கள் சைக்கிள் விடுகிறார்கள். சாய்க்க இடமில்லாமல் எல்லாம் தரையில் படுத்துக் கிடக்கின்றன. பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஜம்புலிங்கம்